டம்டம்: மானுக்கு ஒரு குண்டு, மனிதனுக்கு ஒரு குண்டு

கல்கத்தாவுக்கு விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் டம்டமில்தான் இறங்கியிருப்பீர்கள். 1995-லிருந்து அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான நிலையம் என்று பெயர். ஆனாலும் டாக்சிக்காரரிடம் யாரும் அவ்வளவு நீட்டி முழக்குவதில்லை, "டம்டம்" என்றால் போதும். நம் தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகள் பலவற்றுக்கும் இதுதான் பிறந்த ஊர். கிராமபோன் கம்பெனி 1928-ல் இங்கே தொழிற்சாலை போட்டது. மெட்ராஸில் பாடியதைக் கல்கத்தாவில் தட்டாக அழுத்தி, திரும்ப நம் ஊர்க் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் உலகம் இந்த ஊரைத் தெரிந்து வைத்திருப்பது விமானத்தாலோ பாட்டாலோ இல்லை. எந்த மொழி அகராதியைப் புரட்டினாலும் டம்டம் என்றால் ஒரு வகைத் துப்பாக்கிக் குண்டு என்றுதான் போட்டிருக்கும். அந்தக் குண்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கூடவே மான் வேட்டையைப் பற்றியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் மான் சுடப் போகிற ஒருவர் எந்த வகைக் குண்டைத்தான் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அதே வகைக் குண்டை ஒரு ராணுவ வீரர் போர்க்களத்தில் எதிரியின் மேல் சுட்டால் அது குற்றம். மானுக்குக் கருணை, மனிதனுக்குக் கொடூரம். ஒரே ஈயம், ஒரே உறை. இது எப்படி வந்தது என்று தேடிப் போனால் கதை நேராக நம்ம டம்டம் வாசலில் வந்து நிற்கிறது.

(முன்குறிப்பு: நான் கொசுவைத் தவிர எதையும் வேட்டையாடியவன் இல்லை. அதிலும் வெற்றி விகிதம் ரொம்பக் கம்மி :-) )

முதலில் மான் சாகும் விதத்தைப் பேசியாக வேண்டும். கொஞ்சம் சங்கடமான விஷயம்தான், ஆனால் இது புரியாமல் மேலே போக முடியாது.

தோட்டா என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் பித்தளைக் கூடு, வெடிமருந்து, முனையில் குண்டு என்று எல்லாம் அடக்கம். பறந்து போவது குண்டு மட்டும்தான். வேட்டைக்காரர் குறி வைப்பது மானின் தலையை இல்லை. தலை சிறியது, அசைந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் தவறினால் தாடை மட்டும் உடைந்து மான் பட்டினியால் சாகும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலாவுக்குள் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம்தான் குறி. அங்கே அடிபட்ட மான் ரத்தம் இழந்து, மூளைக்குப் பிராணவாயு போகாமல் விழுகிறது. நன்றாக அடிபட்ட மான்கூட அப்படியே சாய்ந்துவிடாது. சில விநாடிகள் ஓடும், ஐம்பது நூறு மீட்டர்கூடப் போகும்.

இப்போது இரண்டு குண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுக்கக் கெட்டியான உலோக உறை போட்டது. விலாவில் நுழைந்து பென்சில் தடிமனுக்கு ஒரு துளை போட்டுக்கொண்டு மறுபக்கம் வெளியே போய்விடும். அதனிடம் இருந்த வேகத்தில் பெரும்பகுதி மானுக்குப் பின்னால் இருக்கிற மரத்துக்குத்தான் போய்ச் சேரும். மான் ஓடிவிடும். எங்கேயோ ஒரு புதருக்குள் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காகக் கிடந்து சாகும். இன்னொன்று முனையில் ஈயம் வெளியே தெரிகிற குண்டு. உடம்புக்குள் போனதும் அந்த முனை காளான் மாதிரி விரியும். துளை அகலமாகும், வேகம் உள்ளேயே செலவாகும், மான் சீக்கிரம் விழும். கொல்லத்தான் போகிறோம் என்று முடிவாகிவிட்ட பிறகு எது குறைந்த வேதனை என்று கேட்டால், வேட்டைக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவதைத்தான் கைகாட்டுவார்கள்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. விரிவது அளவுக்கு மீறினால் குண்டு தோள்பட்டை எலும்பில் மோதியதுமே சுக்குநூறாகிவிடும். மேலே பெரிய புண், உள்ளே நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. புள்ளிமான் ஆண் நூறு கிலோவுக்குள் இருக்கும், கடமான் (தெற்கே மிளா என்பார்கள்) முந்நூறு கிலோவைத் தொடும். ஒன்றுக்குச் சரியாக இருப்பது இன்னொன்றுக்கு மேல்பூச்சு. விரியவும் வேண்டும், ஆழமாகப் போகவும் வேண்டும். மானுக்குக் குண்டு தேர்ந்தெடுப்பது என்கிற கலை முழுவதும் இந்த இரண்டு 'வேண்டும்'களுக்கு நடுவே நடக்கிற இழுபறிதான்.

அந்த இழுபறியை எழுத்தில் போட்டு ஆராய்ந்தவர்களில் பலர் இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த வெள்ளைக்காரர்கள். வேலை குறைவு, காடு நிறைய, கேட்க ஆள் இல்லை. வேறென்ன செய்வார்கள்?

மத்திய இந்தியாவில் இருந்த கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்சித் 1863-ல் வேட்டைத் துப்பாக்கிகளையும் அவற்றின் குண்டுகளையும் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பச்மடி மலையை வெள்ளையர் உலகத்துக்கு விவரித்து எழுதியவரும் இவர்தான். அப்போதெல்லாம் உறை என்ற பேச்சே கிடையாது, வெறும் ஈயம்தான். ஃபோர்சித்தின் வழி எளிமையானது: பெரிய உருண்டைக் குண்டு, நிறைய மருந்து, குழலுக்குள் மெதுவாகச் சுழலும் வரிகள். குண்டு ஆரம்பத்தில் வேகமாகவும் நேராகவும் போகும். காட்டில் தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியாத இடத்தில் கொஞ்சம் பிசகினாலும் குறி தப்பாது. துளையும் பெரிதாக விழும்.

அதற்குச் சற்று முன்பே லண்டனில் பர்டி என்ற துப்பாக்கிக்காரர் இன்னொரு பக்கம் போயிருந்தார். 1850-களில் அவர் செய்த வேகமான ரைபிளுக்கு எக்ஸ்பிரஸ் ரயிலை வைத்துப் பெயர் சூட்டினார். பிறகு அந்த வகை முழுவதுக்குமே 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. லேசான குண்டு, அதிக வேகம், பல குண்டுகளில் முனையில் ஒரு குழி. மான் மேல் பட்டதும் குழி வழியாகக் குண்டு பிளந்து விரியும். மான் வேட்டைக்குப் பிரமாதம் என்று பேர் வாங்கியது.

இதை எதிர்த்துப் பேசியவர் சாமுவேல் பேக்கர். நைல் நதி தேடிப் போன அதே பேக்கர்தான். 1850-களை ஒட்டி அவர் இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி விவசாயம் பார்த்தார், பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் வேட்டை. (அங்கிருந்த வெள்ளையர்கள் கடமானை 'எல்க்' என்று அழைத்தார்கள். பெயர் தப்பு, ஆனால் நிலைத்துவிட்டது.) அவர் கடமானைப் பெரும்பாலும் சுடவே இல்லை. வேட்டை நாய்களை விட்டுத் துரத்தி, அவை மடக்கி நிறுத்தியதும் கத்தியோடு இறங்குவார். அது கருணையா என்று கேட்காதீர்கள். வயதான பிறகு 1890-ல் எழுதிய புத்தகத்தில் அவர் சொன்ன தீர்ப்பு இதுதான்: குழி போட்ட குண்டுகள் பெரிய விலங்குக்கு ஆகாது, மேலேயே உடைந்துபோகும். நல்ல கனமான, குழி இல்லாத மெத்தென்ற ஈயக் குண்டு விலங்கின் உடம்பைக் கடந்து போய் மறுபக்கத்துத் தோலுக்கு அடியில் தங்க வேண்டும். அப்போதுதான் அதன் சக்தி முழுவதும் உள்ளே செலவாகியிருக்கிறது என்று அர்த்தம்.

நூற்று முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் குண்டு வாங்கப் போகிறவர்கள் இதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் விவாதிக்கிறார்கள்.

இந்தக் காலத்திலேயே வேட்டைக்கும் போருக்கும் நடுவே ஒரு கோடு போடுகிற முயற்சியும் தொடங்கிவிட்டது. சிந்துவில் ஜான் ஜேக்கப் என்ற ஜெனரல் (ஜேக்கபாபாத் இவர் பெயரில்தான்) பட்டதும் வெடிக்கிற சின்னக் குண்டுகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டைக்காரர்களும் அந்த மாதிரிக் குண்டுகளைப் புலி, காட்டெருமை மேலெல்லாம் சோதித்தார்கள். ரஷ்ய ராணுவமும் இப்படி ஒன்றைச் செய்தது. எதிரியின் வெடிமருந்து வண்டியைக் கொளுத்துவதற்கு என்று ஆரம்பித்து, கடைசியில் மெத்தென்ற உடம்பில் பட்டாலே வெடிக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செய்த பிறகு ரஷ்யர்களுக்கே பயம் வந்து, 1868-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நாடுகளைக் கூட்டினார்கள். 400 கிராமுக்குக் குறைவான, வெடிக்கும் எறிபொருள்களைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று உடன்பாடு ஆனது. எதிரியை ஆட்டத்திலிருந்து விலக்கினால் போதும், அவன் வேதனையைத் தேவையில்லாமல் கூட்டக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டம்டமுக்கு வருவோம்.

'தம்தமா' என்ற பாரசீகச் சொல்லுக்கு மேடு, பீரங்கி வைக்கும் மண்மேடு என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். பொருத்தம்தான். 1783-லிருந்து 1853 வரை வங்காள பீரங்கிப் படைக்கு இதுதான் தலைமையிடம். 1857 ஜனவரியில் இங்கே இருந்த துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில்தான் அந்தப் பிரபலமான தண்ணீர்ச் சண்டை நடந்தது. ஒரு கலாசி, பிராமண சிப்பாயிடம் குடிக்க லோட்டாவில் தண்ணீர் கேட்க, சிப்பாய் தீட்டு என்று மறுக்க, "பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறாயே, அப்போது எங்கே போகும் உன் சாதி?" என்கிற பாணியில் கலாசி திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் மங்கள் பாண்டேயும் பாரக்பூரும் இருக்கும். அதற்குப் பத்து மைல்கூட இல்லாத டம்டமில்தான் அந்த வதந்தி முதலில் கிளம்பியது. ஆக ஒரே ஊரிலிருந்து இரண்டு தோட்டாக் கதைகள்.

இரண்டாவது கதைக்கு வேதியியல் காரணம். 1884-ல் பிரான்சில் வியே என்பவர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். பழைய கரிமருந்தைவிட அதற்கு வேகம் மிக அதிகம். அந்த வேகத்தில் வெறும் ஈயக் குண்டு குழலின் வரிகளைப் பற்றிக்கொண்டு சுழலாமல் உரிந்து வழுக்கும். சுவிட்சர்லாந்தில் எட்வர்ட் ரூபின் 1882-லேயே செம்பு உறை போட்ட குண்டுக்கு வழி காட்டியிருந்தார். இரண்டும் சேர்ந்ததும் உலகத்து ராணுவங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒல்லியான, உறை போட்ட, வேகமான குண்டுகளுக்கு மாறின.

பிரிட்டிஷ் கணக்கைப் பாருங்கள். 1871-ல் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டு 31 கிராம் ஈயம், பதினொன்றரை மில்லிமீட்டர் தடிமன், விநாடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகம். அதன் இடத்துக்கு வந்த 303 ரகக் குண்டு 14 கிராம்தான், தடிமன் எட்டு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, வேகம் சுமார் 600 மீட்டர், மேலே செம்பும் நிக்கலும் கலந்த கெட்டி உறை. தூரம் போகும், நேராகப் போகும், ஒரு வீரர் இரண்டு மடங்கு தோட்டா சுமக்கலாம். காகிதத்தில் எல்லாமே லாபம்.

1895-ல் சித்ரால் முற்றுகையை உடைக்கப் போன படை மலகண்ட் கணவாயில் இந்தக் குண்டைப் பயன்படுத்தியது. திரும்பி வந்தவர்கள் சொன்ன புகார் என்ன தெரியுமா? சுட்ட ஆள் விழ மாட்டேன் என்கிறான், குண்டு துளைத்துக்கொண்டு போகிறது, அவன் பாட்டுக்கு வாளோடு ஓடி வருகிறான். கெட்டி உறைக் குண்டால் மானைச் சுட்ட வேட்டைக்காரரின் அதே புகார், வார்த்தை மாறாமல்!

விடையும் வேட்டைக்காரரின் விடைதான். மான் வேட்டைக்கு முனையில் ஈயம் தெரிகிற குண்டுகள் அப்போது ஐரோப்பாவில் கடையிலேயே கிடைத்தன. டம்டம் தோட்டாத் தொழிற்சாலையின் பொறுப்பில் இருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, ராணுவக் குண்டின் முனையில் உறையைக் கொஞ்சம் பின்வாங்க வைத்தார். வெளியே தெரிந்த ஈயம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அவ்வளவு சின்ன மாற்றம். அது போதுமானதாக இருந்தது. 1897-98 குளிர்காலத்தில் திரா பள்ளத்தாக்கில் அஃப்ரிதி, ஒரக்சாய் பதான்கள் மேல் இந்தக் குண்டுகள் பாய்ந்தன. 1898-ல் சூடானுக்குப் போன பிரிட்டிஷ் வீரர்களிடம் டம்டம் குண்டு இல்லை. அவர்கள் கையிலிருந்த சாதாரணக் குண்டுகளின் முனையை அரத்தால் தேய்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலும் முனையில் குழி வைத்த இன்னொரு ரகம் தயாராகி, அந்த வருடம் செப்டம்பரில் ஓம்துர்மானில் பயன்பட்டது. ஆனால் உலகத்தின் வாயில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், டம்டம்.

ஐரோப்பாவில் சத்தம் கிளம்பியது. ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரத்து அறுவை மருத்துவர் பவுல் ஃபான் புரூன்ஸ், முனை மெத்தென்ற குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, காயங்கள் எவ்வளவு பயங்கரம் என்று எழுதினார். பிரிட்டிஷ்காரர்கள் கொதித்தார்கள். ஏனென்றால் அவர் சோதித்தது டம்டமில் செய்ததை இல்லை, ஈயம் இன்னும் அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த மௌசர் வேட்டைக் குண்டுகளை. இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பரீட்சை எழுதியது மான் குண்டு, ஃபெயில் ஆனது டம்டம் குண்டு.

ஆனால் அவர்களுடைய மறுவாதத்தைப் படித்தால் அந்த அனுதாபம் போய்விடும். 1899-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் முதல் சமாதான மாநாடு. பிரிட்டன் சார்பில் மேஜர் ஜெனரல் சர் ஜான் ஆர்டா பேசினார். சாரம் இது: நாகரிகமான நாட்டுப் படைவீரனுக்குச் சின்னக் குண்டு பட்டால் அவன் தன்னைக் காயம்பட்டவன் என்று உணர்ந்து சிகிச்சைக்குப் பின்வாங்கிவிடுவான்; வெறிபிடித்த காட்டுமிராண்டி அப்படி இல்லை, இரண்டு மூன்று குண்டு துளைத்தாலும் ஓடி வந்து வெட்டுவான்; அவனை நிறுத்த வேறு குண்டு வேண்டும்.

வேட்டைப் புத்தகங்களோடு இதை வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். புள்ளிமானுக்கு ஒரு குண்டு, கடமானுக்கு ஒரு குண்டு, பாய்கிற புலிக்கு ஒரு குண்டு என்று தோலின் தடிமனையும் பாய்ச்சலையும் பார்த்துப் பிரித்த அதே பட்டியலில், ஐரோப்பியனுக்கு ஒரு குண்டு, பதானுக்கு ஒரு குண்டு என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆர்டா கெட்ட மனிதரா என்று எனக்குத் தெரியாது. சபையில் இருந்தவர்களும் பெரிய உத்தமர்கள் இல்லை, அவர்களில் பலருக்கும் சொந்தக் காலனிகள் இருந்தன.

மானுக்கு விரியும் குண்டு ஏன் கருணை? அதற்கு ஆஸ்பத்திரி கிடையாது. காயத்தோடு ஓடினால் கட்டுப்போட யாரும் இல்லை. சீக்கிரம் சாவதைத் தவிர அதற்கு நாம் தரக்கூடிய சலுகை எதுவும் இல்லை. மனிதனுக்கு அதே குண்டு ஏன் கொடுமை? அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகலாம், அறுத்து எடுத்துத் தைக்கலாம், பிழைத்து வீட்டுக்குப் போவான். 1868-ல் பீட்டர்ஸ்பர்க்கில் சொன்னதும் அதுதானே, விலக்கினால் போதும் என்று. சித்ரால் பக்கத்து மலைக்காரனும் மனிதன்தான். மார்பில் சின்னத் துளையோடு அவன் வீட்டுக்குப் போனால் அவன் அம்மா மஞ்சளோ என்னவோ வைத்துக் கட்டி, பாதிப்பேர் பிழைத்திருப்பார்கள். அந்த வாய்ப்பை எடுப்பதற்காகத்தான் அந்த ஒரு மில்லிமீட்டர்.

1899 ஜூலை 29 தேதியிட்ட ஹேக் பிரகடனம், மனித உடலில் எளிதாக விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைத் தடை செய்தது. முனையை முழுக்க மூடாத உறை, கீறல் போட்ட உறை எல்லாம் உதாரணங்களாக அதில் இருக்கின்றன. டம்டம் என்ற பெயர் அதில் எங்கேயும் இல்லை, ஆனால் யாரைச் சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. பிரிட்டன் 1907-ல்தான் ஒப்புக்கொண்டது.

அந்தப் பிரகடனத்தில் கடைசியில் இன்னொரு ஷரத்து. இது கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டும்தான் கட்டுப்படுத்தும். அஃப்ரிதிகளுக்கு ஹேக்கில் நாற்காலி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஆக, யாரைச் சுட்டதால் இந்தச் சட்டம் வந்ததோ, அவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை! ஐரோப்பியன் ஐரோப்பியனைச் சுடும்போது மட்டும் கருணை.

பிரகடனத்தின் மை காய்வதற்குள் அக்டோபரில் போயர் யுத்தம் வந்தது. எதிரில் வெள்ளைத்தோல். பிரிட்டன் குழிமுனைக் குண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பழைய கெட்டி உறைக்குத் திரும்பியது. வேடிக்கை என்னவென்றால் போயர்கள் விவசாயிகள், பிறவி வேட்டைக்காரர்கள். வீட்டில் மறிமான் சுட வைத்திருந்த மெத்து முனைத் தோட்டாக்களோடு சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. நீதான் டம்டம், இல்லை நீதான் டம்டம் என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் குற்றம் சாட்டிக்கொண்டன. மான் குண்டும் மனிதக் குண்டும் ஒரே பெட்டியில் கிடந்தால் வேறென்ன ஆகும்?

பிறகு இரண்டு வழிகளும் பிரிந்துபோயின. 1998-ல் ரோம் நகரில் உருவான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டம், விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவதைப் போர்க்குற்றப் பட்டியலில் வைத்தது. இன்னொரு பக்கம் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1991-ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மான் சுட்டால் குண்டு மெத்து முனையாகவோ குழி முனையாகவோ இருக்க வேண்டும் என்கிறது. பொதுவான விதியாக, குழல் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குழலை விட்டுப் புறப்படும்போது குண்டின் சக்தி 2,305 ஜூலுக்குக் குறையக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஹேக்கில் நாகரிகத்தின் எல்லையைப் பற்றி வாதாடிய அதே தேசம்தான். போலீஸ் சமாச்சாரம் இன்னும் குழப்பம். பல நாடுகளில் போலீசார் குழிமுனைக் குண்டுதான் வைத்திருக்கிறார்கள். கெட்டி உறைக் குண்டு குற்றவாளியைத் துளைத்துப் பின்னால் நிற்கும் அப்பாவியின் மேல் பாயும் என்பது காரணம். ஹேக் பிரகடனம் போருக்கு மட்டும்தான், தெருவுக்கு இல்லை.

குண்டு செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. 1946-ல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே பெரியது. உடம்பெல்லாம் காய்ந்த சேறு பூசிய ஒரு மூஸ் மேல் அவர் குண்டுகள் மேலேயே சிதறி, உள்ளே போகவில்லை. பேக்கர் சொன்ன அதே நோய். ஊர் திரும்பி, குண்டுக்குள் நடுவே ஒரு உலோகச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஆழமாகப் போகும். 1948-ல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. பிறகு ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகள் வந்தன. வேட்டைக்காரர் விட்டுப்போன குடலைத் தின்னும் கழுகுகள் அதிலிருக்கும் ஈயத் துகளால் சாவது தெரிந்து, கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தையே தடை செய்துவிட்டது. அங்கே அழிவின் விளிம்பில் இருக்கும் காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு அதற்கு முக்கியக் காரணம்.

நம் ஊரில் இந்தக் கேள்வியே இப்போது இல்லை. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கடமானைக் கண்டபடி சுட்டுத் தீர்த்து, பிறகு சுட எதுவும் மிஞ்சாது என்று பயந்து 1879-லேயே வேட்டைக்குக் கட்டுப்பாடு வைத்துத் தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறோம். அந்தச் சட்டம் சில விலங்குகளை உரிமம் வாங்கிச் சுடுவதற்கு இடம் வைத்திருந்தது. அந்தக் கதவை மூடியது 1991-ல் வந்த திருத்தம்தான். இங்கிலாந்து மானுக்கு எந்தக் குண்டு என்று சட்டம் போட்ட அதே வருடம், நாம் மானுக்குக் குண்டே வேண்டாம் என்று சட்டம் போட்டோம்.

ஆனால் திருட்டு வேட்டை நிற்கவில்லை. ஊர்ப்பக்கத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி படித்திருப்பீர்கள்: நாட்டுத் துப்பாக்கி, கொஞ்சம் கரிமருந்து, கைநிறைய பால்ரஸ் குண்டு பறிமுதல் என்று. பால்ரஸ் என்பது சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்கும் இரும்பு உருண்டை. அது விரியாது, உடையாது, ஆழமாகவும் போகாது. ஃபோர்சித்தும் பேக்கரும் நாஸ்லரும் எதையெல்லாம் தவிர்க்க மண்டையை உடைத்துக்கொண்டார்களோ, அத்தனையும் அந்த ஒரு உருண்டையில் இருக்கிறது. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்ணை மட்டும் பார்த்துச் சுடுகிறார்கள். விழுந்த மான் சந்தைக்குப் போகிறது. விழாத மான் வயிற்றில் நாலு இரும்பு உருண்டைகளோடு காட்டுக்குள் போகிறது.